ஜாவா விண்டோ வெள்ளையாக நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம்

போன மாதம் ஒரு மொத்த வியாபாரக் கடையிலிருந்து அழைப்பு. “சார், பில் போடுற சாஃப்ட்வேர் திறக்குது. மேல பேர் மட்டும் வருது, உள்ள ஒரே வெள்ளை.” நான் போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்த பையன், அது ஓடுவதற்குத் தேவையான ஜாவாவை மூன்று முறை அழித்து மறுபடி போட்டிருந்தான். மூன்று முறையும் அதே வெள்ளை.

டெஸ்க்டாப்பில் இருந்த பேட்ச் ஃபைலை, அதாவது சாஃப்ட்வேரைத் தொடங்கும் கட்டளைகள் எழுதிய .bat ஃபைலை, நோட்பேடில் திறந்தேன். ஜாவாவைக் கூப்பிடும் ஒரே வரியில் நான்கு ஃப்ளாக்குகள், அதாவது இப்படி ஓடு என்று ஜாவாவுக்குச் சொல்லும் குறிப்புகள். ஒன்று, கிராபிக்ஸ் கார்டு வழியாகத் திரையில் வரையும் ஓப்பன்ஜிஎல்லை ஆன் செய்தது. இன்னொன்று, அதே வேலைக்கு விண்டோஸ் வைத்திருக்கும் டைரக்ட்3டி-யை ஆஃப் செய்தது. மூன்றாவது எக்ஸ்ரெண்டரை ஆஃப் செய்தது. அது லினக்ஸ் சமாசாரம், விண்டோஸில் சும்மா உட்கார்ந்திருக்கும். நான்காவது திரையின் ஸ்கேலை, அதாவது எல்லாம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை, 1 என்று பூட்டிவைத்தது. எனக்கு முன்னால் வந்துபோனவர்கள் ஆளுக்கொன்றாக இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்கையும் எடுத்துவிட்டு ஓடவிட்டேன், திரை வந்துவிட்டது. முந்தின வாரம் கிராபிக்ஸ் டிரைவர் தானாக அப்டேட் ஆகியிருந்தது. புது டிரைவருக்கும் அந்த ஓப்பன்ஜிஎல் ஃப்ளாக்குக்கும் ஒத்துப்போகவில்லை. எப்போதோ கொடுத்த மருந்துதான் இப்போது நோயாகி நின்றது.

ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்று சொல்லித்தான் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை விற்றது. கணக்குப் போடுவதிலும் ஃபைல் படிப்பதிலும் அது பெரும்பாலும் உண்மை. திரையில் வரைவதில் அவ்வளவு உண்மை இல்லை. 1996-இல் முதல் ஜாவாவோடு வந்த ஏடபிள்யூடி என்ற விண்டோ லைப்ரரி, பட்டனையும் பெட்டியையும் அந்தந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமே வாங்கிக் காட்டியது. 1998-இல் ஜாவா 1.2-உடன் வந்த அடுத்த லைப்ரரியான ஸ்விங், பட்டனைத் தானே வரைகிறது. ஆனால் வரைந்த புள்ளிகளைத் திரைக்குக் கொண்டு சேர்ப்பது யார்? விண்டோஸில் டைரக்ட்3டி. லினக்ஸில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ்11, ஜாவா 7 முதல் எக்ஸ்ரெண்டர் வழியாக. மேக்கில் வெகுகாலம் ஓப்பன்ஜிஎல். 2018-இல் ஆப்பிள் அதைக் கைவிடப்போவதாக அறிவித்ததால் ஜாவா 17-இல் ஆப்பிளின் சொந்த மெட்டல் வழி ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். நீங்கள் எழுதிய நிரல் (கோட்) ஒன்று, அது திரைக்குப் போகும் பாதை மூன்று. பழுது எந்தப் பாதையில் என்று தெரியாமல் ஜாவாவை அழித்துப் போடுவது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாளியை மாற்றுவது மாதிரி.

அதனால் ஐகானை டபுள் கிளிக் செய்வதை முதலில் நிறுத்துங்கள். விண்டோஸில் அது வழக்கமாக ஜாவாடபிள்யூ வழியாகத் திறக்கும். அதற்குக் கன்சோல் கிடையாது, அங்கே வரவேண்டிய பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படாது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து வெறும் ஜாவா கட்டளையால் ஓட்டுங்கள். அப்புறம் எல்லா ஃப்ளாக்கையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். டைரக்ட்3டி-யை ஆஃப் செய்ததும் கோளாறு போய்விட்டால், பழுது பெரும்பாலும் டிரைவரில். டிரைவரைச் சரிசெய்யும்வரை மட்டும் அந்த ஃப்ளாக் இருக்கட்டும். ஓப்பன்ஜிஎல் ஃப்ளாக்குக்கு ‘ட்ரூ’ என்று கொடுக்கும்போது முதல் எழுத்தைப் பெரிதாக அடித்தால், அது உண்மையிலேயே ஆன் ஆனதா இல்லையா என்று கன்சோலில் சொல்லும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆன் ஆகாத ஒன்றை ஆன் ஆனதாக நினைத்துக்கொண்டு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

நிரல் பொத்தென்று செத்துவிட்டால், அது ஓடிய ஃபோல்டரில் எச்எஸ்_எர் என்று தொடங்கும் லாக் ஃபைல் ஒன்று கிடக்கும். பக்கம் பக்கமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். ‘ப்ராப்ளமேட்டிக் ஃப்ரேம்’ என்ற வரி மட்டும் போதும். அதன் கீழே முதல் எழுத்து சி என்று இருந்து, பக்கத்தில் கிராபிக்ஸ் டிரைவரின் டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரி ஃபைல்) பெயர் வந்தால், உங்கள் நிரலில் தேடுவதை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

லினக்ஸில் கதை வேறு. சர்வரில் ஸ்விங் நிரலை ஓட்டினால் ‘ஹெட்லெஸ் எக்ஸப்ஷன்’, அதாவது காட்டத் திரை இல்லை என்ற பிழை, வரும். எந்தத் திரை என்று சொல்லும் டிஸ்ப்ளே என்ற சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) அமைக்கப்படவில்லை என்று செய்தியிலேயே எழுதியிருக்கும், ஆனாலும் அதைப் படிக்காமல் போன் செய்வார்கள். டெபியன், உபுண்டுவில் இன்னொரு பொறி உண்டு. ஹெட்லெஸ் என்று முடியும் ஜாவா பேக்கேஜைப் போட்டிருந்தால், விண்டோ வரையத் தேவையான லைப்ரரியே அதில் இருக்காது. முழு பேக்கேஜைப் போட்டால் முடிந்தது. அதை விட்டுவிட்டு வேறொரு மெஷினிலிருந்து அந்த லைப்ரரி ஃபைலை மட்டும் காப்பி அடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலமே வேறொரு பிழையோடு திரும்பி வந்தார்கள்.

திரையே இல்லாத கண்டெய்னரிலும், அதாவது நிரலையும் அதற்கு வேண்டியதையும் மட்டும் கட்டிவைத்த பொட்டலத்திலும், இந்தத் தொல்லை வரும். எக்செல் அறிக்கை தயாரிக்கும் நிரல், நெடுவரிசையின் அகலத்தைத் தானாக அமைக்க எழுத்துருவை அளந்து பார்க்கும். ஆல்பைன் லினக்ஸ் போன்ற மெலிந்த இமேஜில் எழுத்துருவைத் தேடித் தரும் ஃபாண்ட்கான்ஃபிக்கும் இல்லை, ஒரு ஃபாண்ட்டும் இல்லை என்றால் நல் பாயிண்டர் பிழையோடு, அதாவது இல்லாத ஒன்றைத் தொட்ட பிழையோடு, விழும். பிழையைப் பார்த்துவிட்டு எல்லாரும் தங்கள் நிரலில் நல் தேடுவார்கள். ஃபாண்ட்கான்ஃபிக்கையும் ஏதாவது ஒரு ஃபாண்ட்டையும் போட்டாலே சரியாகிவிடும்.

லினக்ஸில் விண்டோக்களை ஓடு பதித்தமாதிரி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் டைலிங் விண்டோ மேனேஜர் வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சாம்பல் நிற விண்டோ பழக்கமானதுதான். விண்டோவைச் சுற்றி மேனேஜர் ஒரு சட்டம் போடும் என்று ஜாவா எதிர்பார்க்கிறது, இவை போடுவதில்லை. அதைச் சொல்ல ஒரு சூழல் மாறி இருக்கிறது, பெயர் ‘நான்ரீபேரண்டிங்’ என்று முடியும், மதிப்பு 1. அதற்கு முன்பு ஒரு வேடிக்கையான வழி இருந்தது: நான்தான் எல்ஜி3டி என்று மேனேஜரைப் பொய் சொல்ல வைப்பது. எல்ஜி3டி என்பது சன் கம்பெனியே செய்துபார்த்த முப்பரிமாண டெஸ்க்டாப். அது எப்போதோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

நமக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது: தமிழ் எழுத்து. எல்லாம் கட்டம் கட்டமாக வந்தால் அந்த மெஷினில் தமிழ் ஃபாண்ட் இல்லை என்று அர்த்தம். லினக்ஸில் எஃப்சி-லிஸ்ட் கட்டளையை டிஏ என்ற மொழிக்குறியோடு கொடுத்தால் தெரிந்துவிடும். எழுத்து வருகிறது ஆனால் கலைந்து வருகிறது என்றால் விஷயம் வேறு. என்னிடம் வந்த ஒரு லேபிள் அச்சிடும் நிரலில், திரையில் ‘கெண்டை’ ஒழுங்காக இருக்கும். லேபிளில் ‘க’ முதலில் வந்து கொம்பு அதற்குப் பின்னால் தொங்கும். ஜாவா 9-இல் எழுத்துக் கோர்ப்புக்கு ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி வந்துவிட்டதே, பழைய ஜாவாவாக இருக்குமோ என்று இரண்டு நாள் வெர்ஷனை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கோளாறு நிரலில்தான் இருந்தது. லேபிளுக்காக எழுத்தின் வடிவத்தை எடுக்க ‘க்ரியேட் கிளிஃப் வெக்டர்’ என்ற முறையைக் கூப்பிட்டிருந்தார்கள். அது ஒரு குறிக்கு ஒரு வடிவம் என்று நேராக எடுத்துத் தரும், கொம்பை முன்னால் நகர்த்தாது. அந்த இடத்தில் ‘லேஅவுட் கிளிஃப் வெக்டர்’ என்று மாற்றியதும் கெண்டை நேரானது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தவருக்கு இது கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை.

அதேபோல எல்லாப் பழியையும் டிரைவர்மேல் போட்டுவிடவும் முடியாது. டேபிளை நகர்த்தும்போது பழைய வரியின் மிச்சம் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தால், ‘பெயிண்ட் காம்பொனன்ட்’ முறையில் சூப்பரை (பழையதை அழிக்கும் தாய் வகுப்பின் முறையை) கூப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பத்து முறைக்கு ஒருமுறை மட்டும் விண்டோ பாதி வரைந்து நின்றால், திரை வேலைக்கென்றே ஸ்விங் ஒதுக்கிய ஈவென்ட் த்ரெட்டுக்கு வெளியே யாரோ திரையைத் தொடுகிறார்கள்.

கடைக்குத் திரும்பி வருகிறேன். ஸ்கேலைப் பூட்டியிருந்த நான்காவது ஃப்ளாக்கை எடுத்ததில் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜாவா 9 முதல் ஸ்விங் விண்டோஸின் ஸ்கேலைத் தானே பின்பற்றும். இந்த மெஷினில் அது 150 சதவீதம். எவரோ கோடுகள் பிசிறடிக்கின்றன என்று பூட்டிவைத்ததில், கேஷியர் அம்மா இத்தனை நாளும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கைத் திரையில் ஒட்டாத குறையாகப் பில் போட்டிருக்கிறார். எழுத்து பெரிதாக வந்ததும், “இது புது மானிட்டரா தம்பி?” என்றார்.