முதலையின் மூச்சுக் கணக்கு

களுவாஞ்சிகுடியில் உயர்தரம் உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறார்: "மாமா வாவியில் றால் பிடிக்கப் போனபோது தோணிக்குப் பக்கத்தில் ஒரு முதலை அமிழ்ந்ததாம். வலையை இழுத்து முடிக்கும்வரை அது மேலே வரவே இல்லை. முதலை வயிற்றுக்குள் கல் வைத்திருக்கும், அதனால்தான் அவ்வளவு நேரம் அடியில் கிடக்கும் என்கிறார். உண்மையா?"

மாமா சொன்னதில் பாதி உண்மை. முதலைகள் கல் விழுங்குவது எல்லாரும் அறிந்ததுதான். எதற்காக என்பதில்தான் நெடுநாள் வாக்குவாதம்: இரையை அரைக்கவா, உடம்பின் பாரத்தைக் கூட்டவா? ஆய்வாளர் கொலீன் ஃபார்மரும் கூட்டாளிகளும் முதலைக்கு உறவான இளம் அலிகேற்றர்களுக்குக் கருங்கல் துண்டுகளைக் கொடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவை தண்ணீருக்குள் இருந்த சராசரி நேரம் 88 வீதம் கூடியிருந்தது. பாரம் கூடினால் நுரையீரலில் இன்னும் கொஞ்சம் காற்றை நிரப்பிக்கொண்டும் மிதக்காமல் அமிழலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆக, கல் உதவுகிறது.

அதோடு குளிர்க்குருதி உடம்புக்கு ஒட்சிசன் செலவு குறைவு. முழுகியதும் இதயத் துடிப்பு மெதுவாகும். இதயத்தை விட்டு வெளியேறும் குழாய்களில் நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தைத் திசைதிருப்பவும் வழி இருக்கிறது. இதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். வழக்கமான ஒரு முழுக்கு சில நிமிடங்கள்தான் என்றாலும், தேவை வந்தால் முதலையால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்க முடியும்.

எனக்குப் பிடித்த விசயம் இதற்கு அடுத்ததாக வருகிறது. எவ்வளவு காற்றைக் கொண்டு போகிறது என்பதைவிட, கொண்டு போனதை எப்படிச் செலவழிக்கிறது என்பதுதான் முதலையின் கெட்டித்தனம்.

நம் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈமோகுளோபின் நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் சுற்றுகிறது. நாம் சும்மா இருக்கும்போது, ஏற்றியதில் கிட்டத்தட்ட முக்கால்வாசியை இறக்காமலே திரும்பி வந்துவிடுகிறது. நமக்கு அது பெரிய குறையில்லை, அடுத்த மூச்சு எப்படியும் வரும். முதலைக்கு அடுத்த மூச்சு எப்போது என்று சொல்ல முடியாது. ஏற்றியதை மிச்சம் வைக்காமல், அதுவும் தேவையான இடத்தில், இறக்கியாக வேண்டும். தேவையான இடம் எது என்று ஈமோகுளோபினுக்கு யார் சொல்வது?

கழிவுதான் சொல்கிறது. தசை வேலை செய்தால் காபனீரொட்சைட்டு உண்டாகும். அது செங்குருதிக் கலத்துக்குள் நுழைந்து தண்ணீரோடு சேர்ந்து காபோனிக்கமிலமாகி, உடனே ஐதரசன் அயனாகவும் இருகாபனேற்றாகவும் பிரியும். ஐதரசன் அயன் கூடினால் ஈமோகுளோபின் பிடியைத் தளர்த்தும். நமக்கும் அப்படித்தான், 'போர் விளைவு' (Bohr effect) என்று படித்திருப்பீர்கள். ஆனால் நம் இரத்தத்தில் இருகாபனேற்று கழிவை நுரையீரலுக்குக் கொண்டுபோகுமே தவிர, ஈமோகுளோபினின் பிடியில் நேராகத் தலையிடாது. முதலையில் அதே இருகாபனேற்று நேராகப் போய் ஈமோகுளோபினிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஈமோகுளோபினுக்கு இரண்டு நிலைகள்: ஒன்று ஒட்சிசனை இறுகப் பிடிக்கும், மற்றது எளிதாக விட்டுவிடும். இருகாபனேற்று ஒட்டினால் புரதம் அந்த விட்டுவிடும் நிலையிலேயே நிற்கும். எங்கே ஒட்சிசன் அதிகம் எரிந்ததோ அங்கே இருகாபனேற்று அதிகம். எங்கே அது அதிகமோ அங்கே இன்னும் ஒட்சிசன் இறங்கும். கோடையில் ஊருக்கு வரும் தண்ணீர் பவுசர், எந்த ஒழுங்கையில் வெறுங்குடம் அதிகம் நிற்கிறதோ அங்கேயே குழாயை நன்றாகத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி. தனியாகச் செய்தி அனுப்பத் தேவையில்லை, கழிவே செய்தி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோசம்.

ஈமோகுளோபினின் உருவத்தைக் கண்டுபிடித்து 1962இல் நோபல் பரிசு பெற்ற மக்ஸ் பெரூட்ஸும் வேறு சிலரும் 1981இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1995இல் கேம்பிரிட்ஜில் கியோஷி நகாய் குழு மனித ஈமோகுளோபினில் 12 அமினோ அமிலங்களை (புரதத்தைக் கட்டும் துண்டுகளை) மாற்றி, இந்த முதலைக் குணத்தை அதற்குக் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் 'ஸ்கூபா', முழுகுவோர் முதுகில் கட்டும் காற்றுக் கருவியின் பெயர். விஞ்ஞானிகளுக்கும் பகிடி தெரியும்.

ஆய்வுகூடத்தில் 12 போதும் என்றால், இயற்கையில் இந்தக் குணம் எப்படி வந்தது? 2023இல் சந்திரசேகர் நடராஜன், ஜே ஸ்டோர்ஸ் ஆகியோரின் அமெரிக்க நெப்ராஸ்காக் குழு இதற்காக, செத்துப்போன விலங்குகளின் ஈமோகுளோபினையே திரும்ப உண்டாக்கியது. அம்பருக்குள் நுளம்பு, டைனோசர் இரத்தம் என்ற 'ஜுராசிக் பார்க்' படக் கதையெல்லாம் இங்கே இல்லை. இன்றுள்ள முதலைகள், பறவைகள் முதலியவற்றின் ஈமோகுளோபினை வரிசையாக வைத்து ஒப்பிட்டால், அவற்றின் பொது மூதாதையில் எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் இருந்திருக்கும் என்று கணிக்கலாம். அந்த மரபணுவைச் செய்து பற்றீரியாவுக்குள் வைத்தால் அது புரதத்தைச் செய்து தரும். இப்படி 24 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, முதலைக்கும் பறவைக்கும் பொதுவான மூதாதையின் ஈமோகுளோபின், எல்லாப் பறவைகளின் மூதாதையுடையது, இன்றைய முதலைகளுக்குப் பொதுவான 8 கோடி ஆண்டுப் பழைய மூதாதையுடையது என்று மூன்று கிடைத்தன.

மூன்றில் கடைசியானது மட்டும்தான் இருகாபனேற்றுக்கு அசைந்து கொடுத்தது. மற்ற இரண்டும் நம்முடையதைப் போல, செங்குருதிக் கலத்திலுள்ள பொசுபேற்றுச் சேர்வைகள் ஒட்டினால் பிடியைத் தளர்த்துபவை. முதலையைப் 'பழைய பிராணி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த விசயத்திலோ பழையதை விடாமல் வைத்திருப்பது பாலத்தடியில் நிற்கும் கொக்கு. புது முறைக்கு மாறியது முதலை.

அந்த மாற்றமும் ஒன்றிரண்டு எழுத்தில் வரவில்லை. ஒன்றோடொன்று பின்னிய 21 விகாரங்கள் (மரபணு மாற்றங்கள்) தேவைப்பட்டிருக்கின்றன. ஒட்டும் இடத்தில் நேரடியாக இல்லாதவையும் அவற்றில் உண்டு. தூரத்தில் நடந்த ஒரு மாற்றம் இருந்தால்தான் இங்கே நடப்பது பலிக்கும். 1981க்கும் 2023க்கும் இடையில் 42 ஆண்டுகள். எங்கள் பக்கத்தில் யாராவது 'முதலை இரத்தம்' என்று ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தால், 'நாட்டுக்குப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவார் பாவம்? இலங்கையில் சதுப்பு முதலையும் உவர்நீர் முதலையும் இருக்கின்றன, வாவியும் குளமும் வாசலில் கிடக்கின்றன. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் அவற்றின் பின்னால் நாலு வருடம் அலையக் காசு கொடுத்தால் அது வீண்செலவு இல்லை என்பது என் கட்சி.

கடைசியாக, அதே கடிதத்தில் தங்கச்சி கேட்ட இன்னொன்று: தொய்வுக்கு உடும்பின் இரத்தம் நல்லது என்கிறார்களே? உடும்பு நன்றாக மூச்சு விடுகிறது, உண்மை. ஆனால் குடித்த இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் நம் வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே அமினோ அமிலமாக உடைந்துவிடும். மீனைச் சாப்பிட்டவருக்குச் செவுள் முளைப்பதில்லை. தொய்வு என்பது மூச்சுக்குழல்கள் சுருங்கி வீங்குவது, அதற்கான மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காசில்லாமல் தருகிறார்கள். உடும்பைப் பிடித்தால் தண்டப்பணம் வேறு கட்ட வேண்டி வரும்.