ஏற்காடு ஏறும் வண்டிக்கு எந்த டயர்?

"மலைக்குப் போற மாதிரி டயர் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வருபவரிடம், போன மாதம் அவருடைய வண்டி எந்தெந்தச் சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று முதலில் விசாரிப்பது என் வழக்கம். சேலத்தில் டயர் மாற்றுவதையும் வீல் அலைன்மென்ட் பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டு இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட எனக்கு, இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருந்திருக்கிறது. அஸ்தம்பட்டியிலோ கன்னங்குறிச்சியிலோ வீடு; பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் கடைவீதிக்குப் போவதும் அன்றாட ஓட்டம்; வாரத்துக்கு ஒருமுறை ஏற்காட்டைத் தாண்டி உள்ள காப்பித் தோட்டத்துக்குப் பயணம். அந்தத் தோட்டப் பயணத்திலும், போக வர எழுபது எண்பது கிலோமீட்டரில் மண்ணும் கல்லுமான பாதை ஐந்தாறு கிலோமீட்டர்தான் இருக்கும். மற்றதெல்லாம் தார்ச்சாலை.

ஆனால் டயரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. சேற்றில் சிக்கினால் டிராக்டரை வரவழைத்து இழுத்துக்கொள்ளலாம்; அரை நாள் வேலை கெடும், அவ்வளவுதான். அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில், நனைந்த தாரின்மேல், இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போது டயர் பிடி விட்டால் அதற்கு டிராக்டர் உதவாது. ஆகவே தோட்டத்துக்கும் ஊருக்கும் பொதுவாக ஒரு டயர் தேடுபவர், சேற்றில் அது எப்படி இழுக்கும் என்பதற்கு முன்னால் ஈரத் தாரில் எப்படி நிற்கும் என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஊருக்கும் தோட்டத்துக்கும் ஓடும் ஜீப் போன்ற வண்டிகளுக்குச் சந்தையில் மூன்று வகை டயர்கள் கிடைக்கின்றன. எச்.டி. என்பது நெடுஞ்சாலைக்கானது, ஏ.டி. என்பது இரண்டுக்கும் பொதுவானது, எம்.டி. என்பது சேற்றுக்கானது. எம்.டி. டயரில் பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், பெரியவை, அவற்றுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அகலமானவை. சேறு அந்தப் பள்ளங்களில் அடைத்துக்கொள்ளாமல் சுழற்சியில் உதறிப் போவதற்காகவே அப்படி வார்க்கிறார்கள். அதே காரணத்தால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைந்துவிடுகிறது. நீர்ப்படலத்தைக் கிழித்துச் சாலையைப் பற்றுவதற்கு உதவும் மெல்லிய கீறல்களும் அதில் குறைவு. இதோடு இரைச்சல், எரிபொருள் செலவு, விரைவான தேய்மானம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். தோட்டம் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், வண்டி கம்பீரமாக இருக்க வேண்டும் என்று எம்.டி. டயரைப் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டு போனார். ஏப்ரல் கடைசியில் முதல் கோடை மழை பெய்த மாலையில் இறங்கி வரும்போது வண்டி ஒரு வளைவின் தடுப்புச் சுவர் வரை வழுக்கிப் போய் நின்றிருக்கிறது. நல்லவேளையாக ஆளுக்கு ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழைந்து கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தாம் மழைக்காலம் முழுவதிலும் மிக வழுக்கலானவை என்பதை, எந்த டயர் போட்டிருந்தாலும், மலைக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். மேலே போனால் சில்வர் ஓக் மரங்களின் நனைந்த சருகும் இதே வேலையைச் செய்யும்.

அதற்காக எச்.டி. டயரே போதும் என்று எல்லோருக்கும் சொல்லிவிடவும் முடியாது. ஊருக்குள்ளும் மலைச்சாலையிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு அதுவே சிறந்தது. ஆனால் தோட்டத்துக்குள் இறங்குபவருக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. வெட்டி விட்ட காப்பிச் செடியின் கட்டைகளும் உடைத்துப் போட்ட கருங்கல் சில்லுகளும் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். அவை டயரின் அடிப்பாகத்தை விட்டுவிட்டுப் பக்கச் சுவரைக் கிழிக்கும். அடிப்பாகத்தில் ஏறிய ஆணிக்குப் பஞ்சர் ஒட்டலாம், பக்கச் சுவர் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டும். ஏ.டி. டயர்கள் பலவற்றில் பக்கச் சுவரும், அது அடிப்பாகத்தோடு சேரும் தோள்பகுதியும் கூடுதல் உறுதியுடன் அமைந்திருப்பதால், வாரம் ஒருமுறையாவது மண்பாதையில் இறங்குபவருக்கு அதையே பரிந்துரைக்கிறேன். அதிலும் பட்டன்கள் நெருக்கமாகவும் ஒவ்வொரு பட்டனிலும் மெல்லிய கீறல்களோடும் உள்ள மிதமான வகையைத்தான் எடுக்க வேண்டும். பெயர் ஏ.டி. என்றாலும் பார்வைக்கு எம்.டி.யைப் போலவே உள்ள டயர்களும் விற்கின்றன. பக்கச் சுவரில் உள்ள, சேறும் பனியும் என்று பொருள்படும் எம் பிளஸ் எஸ் முத்திரை பட்டன் அமைப்பைக் குறிப்பதே தவிர, ஈரத் தாரில் சோதித்துத் தந்த சான்று அல்ல. மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் வரைந்த குறி பனியில் நடத்திய சோதனைக்கானது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பனிமூட்டம் உண்டு, உறைபனிச் சாலை இல்லை.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நானே தொடக்க காலத்தில் தவறிய இடம் இது. 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்க உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, ரேடியல் அமைப்பு, டயரை மாட்டும் டிஸ்க்கின் விட்டம் 15 அங்குலம். கணக்கிட்டால் மொத்த விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர் வரும். இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 போட்டால் 733 ஆகிறது. வண்டி 30 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அச்சு உயர்வது அதில் பாதியான 15 மட்டுமே. அந்த 15 மில்லிமீட்டருக்காக ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 62க்கு மேல் போகும், ஏற்றத்தில் இன்ஜின் திணறும். நான் அப்படி மாற்றிக் கொடுத்த ஒரு வண்டி சமதளத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு, கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பியபோது மட்கார்டு உட்புறத்தில் உரசி, தோள்பகுதியைச் செதுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. அன்றிலிருந்து, வண்டி நிறுவனம் அந்த மாடலுக்குக் குறிப்பிட்டுள்ள அளவைத் தாண்டுவதில்லை. அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் சுமையையும் வேகத்தையும் குறிப்பவை: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. உரமூட்டையும் மிளகுமூட்டையும் ஏற்றுகிறவர்கள் சுமை எண்ணில் குறைவாக எதையும் வாங்கக் கூடாது.

தோட்டத்து வண்டிகளில் நான் அடிக்கடி காண்பது பட்டன் மிச்சமிருந்தும் ரப்பர் இறுகிப்போன டயர்கள். ஓட்டம் குறைவு, வெயிலில் நிற்பது அதிகம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் வார்த்தது. ஐந்தாறு ஆண்டுகள் ஆனபின் ஆண்டுக்கொருமுறை கழற்றிச் சோதிக்க வேண்டும். பத்தாண்டு ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழித்துவிடுவதே சரி. பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் ஆழம் குறைந்து தேய்மானக் குறி தெரியும் 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலை ஏறுகிறவர்களை மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்கிறேன்.

நான்கையும் ஒருசேர மாற்றப் பணம் இல்லாதபோது இரண்டு மட்டும் வாங்குபவர்கள், ஸ்டீயரிங் முன்னால்தானே இருக்கிறது என்று புதியதை முன்னால் போடச் சொல்வார்கள். ஈரமான இறக்கத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு மீட்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதனால் புதியவை பின்னால் போக வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் இந்த அரைகுறை மாற்றமே கூடாது; விட்டம் மாறுபட்டால் கியர் அமைப்பு வீணாகச் சிரமப்படும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கிச் சுழற்சியில் வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்கு நல்லது.

காற்றைப் பற்றி ஒன்று. சேற்றில் பிடி கிடைக்கக் காற்றைக் கொஞ்சம் இறக்குவது நல்ல முறைதான், ஆனால் தார்ச்சாலைக்கு ஏறும் முன் அதைத் திரும்ப நிரப்ப வேண்டும். அதற்கு வண்டியில் இயங்கும் சிறிய ஏர் பம்ப் இல்லாதவர் இறக்கவே கூடாது. குறைந்த காற்றோடு வளைவுகளில் இறங்கினால் பக்கச் சுவர் மடங்கிச் சூடேறும். ஏற்காட்டின் உயரத்தால் காற்று மாறிவிடுமா என்று சிலர் கேட்பதுண்டு: 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானியில் இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடுதலாகத் தெரியும், மேலுள்ள குளிரில் டயர் ஆறியதும் ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிடும். சேலத்தில் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடித்தால் மேலே போய்த் தொட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவதற்குச் சனிக்கிழமை இரவு புது டயர் கேட்டு வருபவர்களை மட்டும் நான் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுவேன். வார்க்கும் அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசும் வழவழப்பு புது டயரின்மேல் தங்கியிருக்கும். ஊருக்குள் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓடிய பிறகே அது முழுவதும் தேய்ந்து போகும்.