வெளிறிய ஜீன்ஸும் துருக்கி இளைஞர்களின் நுரையீரலும்

புது ஜீன்ஸைப் பழசாக்கி விற்கும் மோகத்துக்கு ஊற்று அமெரிக்காதான். 1950களில் மார்லன் பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் திரையில் அணிந்ததும், ஜீன்ஸ் அடங்காத பிள்ளைகளின் உடையாகிவிட்டது. அப்புறம் ஹிப்பிகள் ஒட்டுப்போட்டு அணிந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் சியாட்டில் இசைக்குழுக்கள் கிழிசலோடு மேடையேறின. 2000க்குப் பிறகு பாப் பாடகர்களின் படங்களைப் பார்த்து, தொடை வெளிறி இடுப்பு மடிப்பில் கோடு விழுந்த ஜீன்ஸை உலகமெங்கும் இளைஞர்கள் தேடி வாங்கினார்கள்.

நுரையீரல் மருத்துவராக, அந்த வெளிறல் எப்படி வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. துருக்கியில் காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில், கம்ப்ரஸர் காற்றோடு மணலைக் குழாய் வழியே துணிமேல் பீய்ச்சி வெளுக்கவைத்தார்கள். சாண்ட் பிளாஸ்டிங் என்பார்கள். செலவு குறைவு, வேலை வேகமாக முடியும். குழாயைப் பிடித்தவர்களில் பலர் கிழக்கு மாகாணங்களிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பிழைக்க வந்த பையன்கள்.

மணலில் இருப்பது சிலிக்கா. அது உடைந்து எழும் நுண்தூள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது; அதைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொண்டே போகும். இதுதான் சிலிக்கோசிஸ். சாதாரணத் துணி முகமூடி இந்தத் தூளைத் தடுக்காது. கல்குவாரிகளில் பெரும்பாலும் 10, 20 ஆண்டுகள் கழித்து வெளிப்படும் நோய் இது. ஆனால் துருக்கியில் இந்த வேலையைச் செய்துவிட்டு வந்த 145 பேரைப் பரிசோதித்தபோது பாதிப் பேருக்கு மேல் நோய் இருந்தது. அவர்களின் சராசரி வயது 23. வேலை பார்த்தது சராசரியாக மூன்றே ஆண்டுகள். நான்காண்டுகள் கழித்து மறுபடி பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே நோய் தெரிந்தது. வேலையை விட்ட பிறகும் அது வளர்ந்திருக்கிறது.

துருக்கி 2009இல் இம்முறையைத் தடை செய்தது. ஆடை நிறுவனங்களான லீவைஸும் எச் அண்ட் எம்மும் 2010இல் கைவிடுவதாக அறிவித்தன. உலோகத்தை உருக்கி வார்க்கும் வார்ப்படத் தொழிலில் மணல் பீய்ச்சுவதை பிரிட்டன் 1950 வாக்கிலேயே நிறுத்திவிட்டது. அறுபது ஆண்டுகளாகத் தெரிந்த ஆபத்துக்குள் அந்தப் பையன்களை இறக்கிவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் ஊரில் இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு, எக்ஸ்ரேயில் புள்ளிகள் என்றால் முதலில் டி.பி. என்றே நினைப்போம். சிலிக்கோசிஸும் அப்படியே தெரியும். அது இருப்பவருக்கு டி.பி. எளிதில் தொற்றவும் செய்யும். அதனால், "இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று எல்லோரிடமும் கேட்கிறேன். கல் உடைத்தல், கிரஷர், மணல் பீய்ச்சுதல் என எது செய்திருந்தாலும், விட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலும், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலிக்கோசிஸைக் குணமாக்க மருந்தில்லை. ஆனால் கூடவே டி.பி. இருந்தால் அதைக் குணப்படுத்தலாம். இன்னும் தூசியில் நிற்பவரை அங்கிருந்து வெளியே கொண்டுவரலாம்.