அஜெண்டா: நிகழ்ச்சி நிரலா, அலுவல் நிரலா?

'அஜெண்டா' இலத்தீனில் பிறந்த சொல். 'செய்' என்று பொருள்படும் 'அகெரே' என்னும் வினையிலிருந்து வந்தது. செய்யப்பட வேண்டியவை என்பது நேர்ப்பொருள். அங்கே அது பன்மை. ஆங்கிலம் அதை ஒருமையாக்கிக்கொண்டது. இன்று 'அவருக்கு ஏதோ அஜெண்டா இருக்கிறது' என்று மேடையில் பேசினால் உள்நோக்கம் என்று பொருள். அந்த இடத்தில் உள்நோக்கம் என்றே எழுதலாமே. 'மறைமுக நிகழ்ச்சி நிரல்' என்று எழுதுவானேன்?

கூட்டங்களுக்கு நாம் வழங்குவது 'நிகழ்ச்சி நிரல்'. இதில் 'நிரல்' அருமையான தேர்வு. நிரல் என்றால் ஒழுங்கான வரிசை. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்ற குறளில் அன்புக்குப் பண்பும் அறனுக்குப் பயனும் வரிசை மாறாமல் பொருந்துகின்றன. அதைத்தான் இலக்கணத்தார் நிரல்நிறை என்றார்கள். சட்டப்பேரவையிலும் எது முந்துகிறது என்பதில்தான் பாதி அரசியல் இருக்கிறது.

இடறுவது 'நிகழ்ச்சி'. ஆண்டு விழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் அது சரி. பேரவையில் நடப்பது அலுவல். தமிழ்நாடு சட்டப்பேரவையில் முன்னுரிமையை வகுக்கும் குழுவின் பெயரே 'அலுவல் ஆய்வுக் குழு'. பேரவைத் தலைவர் தலைமையில் கட்சிப் பிரதிநிதிகள் கூடி, கூட்டத்தொடர் எத்தனை நாள், எந்தத் துறையின் மானியக் கோரிக்கை (அதாவது, துறைச் செலவுக்குப் பேரவையிடம் நிதி கேட்பது) எந்த நாளில் என்று முடிவு செய்கிறார்கள். அன்றாட வரிசை பெரும்பாலும் மாறாது: பேரவைத் தலைவர் குறள் வாசிப்பார், இரங்கல் குறிப்பு இருந்தால் அது முந்தும், பிறகு கேள்வி நேரம். கவன ஈர்ப்பும், சட்டமுன்வடிவும், மானியக் கோரிக்கை விவாதமும் அதற்குப் பின்னர்தான். ஆளுங்கட்சிக்குச் சங்கடமான விஷயத்தைக் கேள்வி நேரத்துக்கு முன்பே எடுக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் எழுந்து நிற்பது இந்த வரிசையை உடைக்கத்தான்.

நிரலில் ஏறாத அவசர விஷயங்களை எழுப்பும் வேளைக்கு ஆங்கிலத்தில் 'ஜீரோ அவர்' என்று பெயர். சிலர் 'பூஜ்ஜிய நேரம்' என்று எழுதுகிறார்கள். அதில் ஒன்றும் விளங்கவில்லை. 'நேரமில்லா நேரம்' என்பதோ, நேரம் ஒதுக்கப்படாதவற்றுக்கான நேரம் என்று தானே சொல்லிவிடுகிறது.

ஆகவே பேரவைக்கு 'அலுவல் நிரல்' என்பதே என் பரிந்துரை. அந்த நிரலில் வரும் 'ஐட்டம்' ஒவ்வொன்றையும் குறிக்கப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. நம் உள்ளாட்சி மன்றங்களில் 'மன்றப் பொருள்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.