உறங்கும் கருவியை இறந்ததாக எண்ணிவிடும் கர்னல்

கணினியின் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் பொருத்திய ஒரு கருவியின் ரிஜிஸ்டரை, அதாவது அதற்குள் இருக்கும் சிறு நினைவிடத்தை, படிக்கிறோம். எல்லா பிட்டுகளும் ஒன்று என்றே வருகின்றன. கருவி பழுதாகியிருக்கலாம், ஸ்லாட்டிலிருந்து பிடுங்கப்பட்டிருக்கலாம், லிங்க் அறுந்திருக்கலாம். அல்லது மின்சாரத்தை மிச்சப்படுத்த, இயங்குதளத்தின் மையமான கர்னலே அதை, முதன்மை மின்சாரம் நிறுத்தப்படும் டி3கோல்டு என்ற உறக்க நிலைக்கு அனுப்பியிருக்கலாம். அந்தச் செய்தி, படித்துக்கொண்டிருக்கும் கோடுக்கு (நிரலுக்கு) எட்டாமல் போயிருக்கலாம். நான்கு சூழ்நிலைக்கும் பதில் ஒன்றுதான். இதில் நான்காவதை முதலாவதாக எடுத்துக்கொள்ளும் டிரைவர்களை (கருவிகளை இயக்கும் மென்பொருள்களை) நான் அடிக்கடி பார்க்கிறேன். நன்றாக இருந்த கருவிக்கு ரீசெட் கொடுத்து, அதில் ஓடிக்கொண்டிருந்த வேலையையும் கெடுத்துவிடுகின்றன.

மின்சாரம் இருந்தும் கருவி உறங்கும் டி3ஹாட் நிலை இன்னும் குழப்பமானது. அந்த நிலையில் கருவியை அடையாளம் கண்டு அமைக்க உதவும் கான்ஃபிகரேஷன் ரிஜிஸ்டர்கள் பதில் சொல்லும். அதை வேலை வாங்கும் மெமரி ரிஜிஸ்டர்கள் பதில் சொல்லாது. அதாவது "கருவி இருக்கிறதா" என்று கேட்டால் ஆம் என்று வரும், வேலை செய்யச் சொன்னால் பிழை வரும். கருவிக்கு மேலே இருந்து அதைக் கணினியோடு இணைக்கும் பிரிட்ஜ் உறங்கிவிட்டால் கான்ஃபிகரேஷன் கோரிக்கையும் கீழே போய்ச் சேராது. எனவே பிழை மீட்பில் எழ வேண்டிய முதல் கேள்வி "என்ன பிழை?" அல்ல. "இந்தக் கருவியும் அதற்கு மேலுள்ள பாதை முழுவதும் இப்போது விழித்திருக்கின்றனவா?" என்பதே.

லினக்ஸின் பிசிஐ பிழை மீட்பு முறை, ஐபிஎம் பவர் சர்வர்களில் இருந்த ஈஈஹெச் என்ற பிழை கையாளும் வசதியை ஒட்டி வளர்ந்தது. எப்போதும் விழித்திருக்கும் சர்வர்களின் உலகம் அது. மின் மேலாண்மையோ பேட்டரியில் ஓடும் கருவிகளின் தேவையால் வளர்ந்தது. இரண்டையும் எழுதியவர்களின் கவலைகள் வேறு வேறு. இன்று இரண்டும் ஒரே கருவியின் மேல் அதிகாரம் செலுத்துகின்றன.

மீட்பு நடக்கும் வரிசையைக் கவனியுங்கள். பிழை தெரிந்ததும் கர்னல் டிரைவரிடம் தகவல் சொல்கிறது. டிரைவர் தன் கோரிக்கை வரிசைகளை (க்யூக்களை) எல்லாம் நிறுத்துகிறது. பிறகு லிங்க்கோ ஸ்லாட்டோ ரீசெட் ஆகிறது. டிரைவர் கருவியை மறுபடி அமைக்கிறது. கடைசியில் வேலை தொடர்கிறது. இதில் வரிசைகளை நிறுத்தும் இடம்தான் ஆபத்தானது. எந்தக் கோரிக்கையும் ஓடாததால் ரன்டைம் பிஎம் (கணினி ஓடும்போதே சும்மா இருக்கும் கருவிகளை உறங்கவைக்கும் கர்னல் பகுதி) கணக்கில் பயன்பாட்டு எண்ணிக்கை பூஜ்யமாகிவிடக்கூடும். கருவி சும்மா இருக்கிறது என்று தானாக உறங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்ட் முடிவு செய்து, மீட்பு பாதியில் இருக்கும்போதே அதை டி3ஹாட்டுக்கு அனுப்பிவிடும். அடுத்த படியில் டிரைவர் ரிஜிஸ்டரைத் தொட்டால் புதிய பிழை எழும், அந்தப் பிழைக்கு இன்னொரு மீட்பு தொடங்கும். ஏஇஆர் (பிசிஐ எக்ஸ்பிரஸின் பிழை அறிவிப்பு முறை) மீட்பு முடியும் வரை, கருவியை உறங்கவிடாமல் எண்ணிக்கையைக் கூட்டி வைக்கும் ரன்டைம் பிஎம் பிடிமானத்தைக் கர்னலே வைத்துக்கொள்ளும் திருத்தம் லினக்ஸில் 2024-இல்தான் சேர்ந்தது. ஆனால் கருவிக்குள் ஓடும் ஃபர்ம்வேர் தொங்கிவிட்டது என்று டிரைவர் தானே தொடங்கும் ரீசெட் கர்னலின் பொது அடுக்குக்குத் தெரியாது. அங்கே பிடிமானத்தை எடுப்பதும், கடைசிப் படி முடிந்த பிறகே விடுவதும் டிரைவர் எழுதுபவரின் பொறுப்பு.

அப்படியானால் பிழை கையாளும் கோடின் முதல் வரியிலேயே கருவியை எழுப்பிவிட்டால் போதாதா? போதாது. எழுப்பும்போதே பிழை வரும் நேரம் ஒன்று உண்டு.

கருவியை எழுப்ப கர்னல் அழைக்கும் ரெஸ்யூம் கால்பேக் டிஸ்க்குக்கு ஒரு கட்டளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது என்று வையுங்கள். கட்டளைக்கு பதில் வரவில்லை, டைம்அவுட் ஆகிறது. பிழை கையாளும் திரெட் (தனியாக ஓடும் வேலைத்தொடர்) விழித்து, "ஹோஸ்ட் (டிஸ்க்கை இணைக்கும் கட்டுப்படுத்தி) விழித்திருந்தால்தான் நான் வேலை செய்ய முடியும்" என்று ரன்டைம் ரெஸ்யூமைக் கேட்டு நிற்கிறது. ரெஸ்யூமோ ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அது முடிய இந்தத் திரெட் அந்தக் கட்டளைக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க, இரண்டும் நகராது. பயனருக்குத் தெரிவது கருப்புத் திரை மட்டும். டிஸ்க்குகளைக் கையாளும் ஸ்கஸி அடுக்கில் இதற்காகவே, "பிழை கையாளும் முன் ஹோஸ்டை எழுப்ப முயலாதே" என்று சொல்லும் ஒரு கொடி (ஆம்/இல்லை குறி) இருக்கிறது. சாட்டா டிஸ்க்குகளுக்கான லிப்ஏடிஏ இன்னும் ஆழமாக யோசித்திருக்கிறது: போர்ட்டை உறங்க வைப்பதும் எழுப்புவதும்கூட பிழை கையாளும் திரெட் வழியாகவே நடக்கின்றன. இரு வேலைக்கும் ஒரே கை என்பதால் போட்டிக்கே இடமில்லை. புதிதாக டிரைவர் வடிவமைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். கொடிகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, கருவியின் நிலையை மாற்றும் உரிமை ஒரே இடத்தில் இருப்பது மேல்.

இதே முடிச்சு வேறு உருவங்களிலும் வரும். ரீசெட் வேலையை, கணினி உறங்கும்போது உறையவைக்கக்கூடிய வொர்க்க்யூவில் (பின்னணி வேலை வரிசையில்) போட்டுவிட்டு, சஸ்பெண்ட் கால்பேக்கில் அது முடியக் காத்திருப்பது ஒன்று: க்யூ உறைந்த பிறகு அந்த வேலை ஓடவே ஓடாது. பிழைக் கால்பேக்குகள் டிவைஸ் லாக் (கருவிக்கான பூட்டு) பிடித்த நிலையில் அழைக்கப்படுகின்றன. அதே லாக்கைக் கேட்கும் இன்னொரு வேலை முடிய உள்ளிருந்து காத்திருப்பது மற்றொன்று. ஸ்டோரேஜ் டிரைவரின் மீட்புப் பாதையில் சாதாரணமாக மெமரி கேட்பதும் அப்படித்தான். மெமரியைக் காலிசெய்ய கர்னல் அதே டிஸ்க்கில் எழுத முயலும்.

கருவி பதில் சொல்கிறதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக், டைம்அவுட் கோடுகளில் கருவியை எழுப்பாதீர்கள். விழித்திருந்தால் மட்டும் பிடிமானம் தரும் அழைப்புகள் ரன்டைம் பிஎம்மில் இருக்கின்றன. பிடிமானம் கிடைக்காவிட்டால் கருவி உறங்குகிறது. அதைப் பழுது பார்க்க வேண்டியதில்லை.

ரீசெட்டுக்குப் பிறகு பலர் மறப்பது கணக்கைச் சரிசெய்வது. ரீசெட் ஆன கருவி முழுதாக விழித்திருக்கும் டி0 நிலையில், வெறும் சிலேட்டாக எழுந்து நிற்கும். கர்னலின் ஏட்டில் அது இன்னும் உறங்குவதாக இருக்கக்கூடும். ரன்டைம் கால்பேக் முன்பு தோல்வியடைந்திருந்தால், அந்தப் பிழைக் குறிப்பு அழிக்கப்படும் வரை கர்னல் அக்கருவிக்கு ரன்டைம் பிஎம் வேலை எதையும் செய்யாது. மீட்பு வெற்றி என்று கர்னலின் பதிவுச் செய்தி சொல்லும், கருவி மட்டும் பயன்படாது. நிலையை வெளிப்படையாக 'ஆக்டிவ்' என்று எழுதிவைப்பதும் மீட்பின் ஒரு பகுதிதான். இன்னொன்று: பிடிமானம் எடுத்துக் கருவியை எழுப்பும் பழைய கெட்_சிங்க் அழைப்பு தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டே திரும்பும். தோல்விப் பாதையில் அதைக் குறைக்காவிட்டால் கருவி பிறகு உறங்கவே உறங்காது.

கோடு எழுதாமல் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கும் இது தேவை. என்விஎம்இ டிரைவ் (பிசிஐ எக்ஸ்பிரஸில் இணையும் எஸ்எஸ்டி) திடீரென மறைந்தால், மின்சேமிப்பு முறையில் கோளாறு இருக்குமோ என்று லினக்ஸ் டிரைவரின் பதிவுச் செய்தியே சில நேரம் கேட்கும். அதைப் படிக்காமல் டிரைவைக் கழற்றி மாற்றுகிறார்கள். முதலில் பிழைகள் எப்போது வருகின்றன என்று பாருங்கள்: கணினி விழித்த உடனேயா, சற்று நேரம் சும்மா இருந்த பிறகா, கடும் வேலைப்பளுவிலா? முதல் இரண்டும் மின் மேலாண்மையை நோக்கியே கைகாட்டும். கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தக் கருவியின் பவர் கன்ட்ரோல் கோப்பில் 'ஆன்' என்று எழுதினால் ரன்டைம் உறக்கம் நிற்கும். என்விஎம்இ டிரைவ் தானாக ஆழ்நிலைக்குப் போவதையும், லிங்க் சும்மா இருக்கும்போது நடக்கும் ஏஎஸ்பிஎம் மின்சேமிப்பையும் தனித்தனி கர்னல் அளவுருக்களால் நிறுத்தலாம். மூன்றையும் ஒன்றாக நிறுத்தாதீர்கள். எது காரணம் என்று தெரியாமலே போகும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் காரணம் புரிந்ததும் பிழையைப் புகாரளியுங்கள்.

சோதிப்பவர்கள் உறக்கத்தைத் தனியாகவும் பிழையைத் தனியாகவும் சோதிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டோசஸ்பெண்ட் இடைவெளியைச் சில மில்லிவினாடிகளாகக் குறைத்து வைத்துக்கொண்டு, ஏஇஆர் பிழைகளைச் செயற்கையாகச் செலுத்துங்கள். கூடவே கணினியைத் திரும்பத் திரும்ப உறங்கவைத்து எழுப்புங்கள். பூட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் லாக்டெப் இயக்கப்பட்ட கர்னலில் ஓர் இரவு முழுக்க இதை ஓடவிட்டுப் பார்க்காத டிரைவரை நான் ஏற்பதில்லை.