ஷோமே: சொல் விளக்கம்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் மே 1-க்குப் பிரெஞ்சுப் பெயர் 'ஃபெத் து திராவாய்'. தமிழில் 'தொழிலாளர் நாள்' என்றால் போதும். சட்டத்தில் அதனோடு ஒட்டி வரும் 'ஃபெரியே', 'ஷோமே' என்ற இரண்டு அடைமொழிகள்தான் ஆளைக் குழப்பும். இரண்டையும் 'விடுமுறை' என்றே எழுதிவிடுவதால் வரும் வில்லங்கம் சம்பளச் சீட்டில் தெரியும்.

'ஃபெரியே', திருநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அரசின் விடுமுறைப் பட்டியலில் உள்ள நாள், அவ்வளவே. பெரும்பாலான தொழில்களில் அன்று வேலை வாங்கத் தடையில்லை. அடிமைமுறை ஒழிந்த டிசம்பர் 20-ஐயும் சேர்த்து ரெயூனியனில் இப்படி 12 நாட்கள். 'பொது விடுமுறை' என்பது இதற்குச் சரி.

'ஷோமே'யின் வேர் கிரேக்கம். 'கௌமா' என்றால் கொளுத்தும் வெப்பம்; பிற்கால லத்தீனில் அது வெயில் நேரத்தில் வேலையை விட்டு ஒதுங்குவதைக் குறித்தது. ரெயூனியன் கரும்புக் காட்டில் நின்றவர்களுக்கு இந்தப் பொருள் சொல்லாமலே விளங்கும். இதே வேரில் பிறந்த 'ஷோமாஜ்' இன்று வேலையின்மையைக் குறிக்கிறது. அதனால்தான் சிலர் சட்டத்தில் வரும் 'மே 1-இன் ஷோமாஜ்' என்பதை 'வேலையின்மை' என்று பெயர்த்து, பொருளையே கவிழ்த்துவிடுகிறார்கள். 'வேலையில்லா நாள்' என்பதும் அதே கோளாறுதான். 'கட்டாய ஓய்வு நாள்' என்பதே பொருந்தும்.

பிரெஞ்சுச் சட்டப்படி எல்லாத் தொழிலாளருக்கும் கட்டாய ஓய்வு தரும் பொது விடுமுறை மே 1 ஒன்றுதான். 1947-இல் சம்பளத்தோடு கூடிய ஓய்வாக்கினார்கள். 'தொழிலாளர் நாள்' என்ற பெயர் 1948-இல் சட்டத்தில் ஏறியது. ஓய்வுக்காகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. போன மணிநேரத்தை வேறொரு நாள் ஈடுகட்டச் சொல்லவும் கூடாது. மருத்துவமனை, விடுதி, போக்குவரத்து போல நிறுத்த முடியாத தொழில்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே வேலை பார்த்தவருக்கு இரட்டைச் சம்பளம்: மணிக்கு 13 யூரோ வாங்குபவர் 7 மணிநேரம் நின்றால் 91 யூரோவோடு இன்னொரு 91. 'பணத்துக்குப் பதில் வேறொரு நாள் லீவு எடுத்துக்கொள்' என்று முதலாளி தட்டிக்கழிக்க முடியாது. விலக்கில்லாத இடத்தில் வேலை வாங்கினால், ஒவ்வொரு ஆளுக்கும் 750 யூரோ வரை அபராதம்.

மே 1 ஞாயிற்றுக்கிழமை வந்தால், திங்கள் லீவு தானாகக் கிடைக்காது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் அந்தத் தொழிலுக்காகச் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. டிசம்பர் 20-இல் வேலை பார்ப்பவரின் கூடுதல் சம்பளத்துக்கும் அந்த ஒப்பந்தத்தைத்தான் புரட்ட வேண்டும்.