காப்பிப்பொடியும் அப்பளமும் ரெண்டுமே வாங்குனவங்க எத்தனை பேர்?

மேற்கு மாம்பலத்துல எங்க சித்தப்பா காப்பிப்பொடி கடை வச்சிருக்காரு, கூடவே அப்பளம், வடகம் எல்லாம். போன வாரம் ஒரு மாச பில்லு டேட்டாவ எக்செல்ல அனுப்பி, "டேய், காப்பிப்பொடி, அப்பளம் ரெண்டுமே வாங்குறவங்க எத்தனை பேர்னு பாத்து சொல்லுடா, காம்போ போடலாம்னு இருக்கேன்"னாரு. நான் ஓஎம்ஆர்ல நாள் முழுக்க பவர் பிஐ-ல (டேட்டாவ அலசி சார்ட்டா காட்டுற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்) ரிப்போர்ட் போடுற ஆளு, ரெண்டு நிமிஷ வேலைன்னு உக்காந்தேன்.

முதல்ல எக்செல்லயே கவுன்ட்இஃப்ஸ் போட்டேன், குடுத்த நிபந்தனை எல்லாத்துக்கும் ஒத்துவர்ற வரிகளை எண்ணுற, 2007-லேருந்து இருக்குற ஃபார்முலா. பொருள் பேர் இருக்குற நெடுவரிசைல காப்பிப்பொடி, அதே நெடுவரிசைல அப்பளம். வந்தது சைபர். வராம என்ன செய்யும், அது ஒவ்வொரு வரியா போய் "நீ காப்பிப்பொடியா, நீயே அப்பளமுமா"ன்னு கேக்குது, ஒரு செல்லுல ஒரு பொருள்தான் இருக்கும், எந்த வரி ஆமான்னு சொல்லும்? சரின்னு பவர் பிஐ-ல ஏத்தி ஸ்லைசர்ல (வேணுங்கறத டிக் அடிச்சு வடிகட்டுற பெட்டி) ரெண்டையும் டிக் பண்ணி, ஆளுக்கு அடையாளமான போன் நம்பர டிஸ்டிங்க்ட் கவுன்ட் (ஒரே நம்பர் எத்தனை தடவ வந்தாலும் ஒண்ணா எண்ணுறது) எடுத்தா 52. இதுவும் தப்பு, ஏன்னா ஸ்லைசர்ல ரெண்டு டிக் அடிச்சா 'இதுவும் அதுவும்' கிடையாது, 'இதுவோ அதுவோ'ன்னுதான் அர்த்தம்.

விஷயம் என்னன்னா, கேள்வி ஆளப் பத்தினது, டேபிள்ல இருக்குறது பில்லு வரி. அதனால முதல்ல வரிகளை ஆள்வாரியா கட்டணும். ஒருத்தர் 4-ஆம் தேதி காப்பிப்பொடி, 11-ஆம் தேதி அப்பளம், 19-ஆம் தேதி மறுபடி காப்பிப்பொடி வாங்கியிருக்காரு. வரி மூணு, ஆனா பொருள் ரெண்டு. இன்னொருத்தர் காப்பிப்பொடியே ரெண்டு தடவ, வரி ரெண்டு, பொருள் ஒண்ணு. இங்கதான் நெறைய பேர் வழுக்கி விழறாங்க (நானும் வேலைக்கு சேந்த புதுசுல விழுந்திருக்கேன்), வெறுமனே கவுன்ட் ரெண்டான்னு பாத்தா முதல் ஆளு வெளிய போயிடுவாரு, அப்பளத்த தொடாத ரெண்டாவது ஆளு உள்ள வந்துடுவாரு. எண்ண வேண்டியது வரிய இல்ல, இந்த ரெண்டுல ஒவ்வொருத்தரும் எத்தனை வேற வேற பொருள் வாங்குனாங்கன்னுதான். எஸ்கியூஎல்-ல (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குற மொழி) வேர்-ல இந்த ரெண்டு பொருள மட்டும் வடிகட்டி, குரூப் பை போட்டு ஆள்வாரியா கட்டி, ஹேவிங்ல கவுன்ட் டிஸ்டிங்க்ட் ரெண்டுக்கு சமம்னு எழுதுறது இதுக்குத்தான்.

அப்படி போட்டதும் 13 வந்துச்சு. சரிதானான்னு பாக்க பேப்பர் போதும்: காப்பிப்பொடி வாங்குனவங்க 40, அப்பளம் 25, கூட்டுனா 65, ஆனா ரெண்டுல ஒண்ணாவது வாங்குன மொத்த ஆளு 52 தான், அப்போ 13 பேர ரெண்டு தடவ எண்ணியிருக்கோம், அவங்கதான் ரெண்டும் வாங்குனவங்க. கணக்கு பக்காவா உக்காந்துச்சு.

சித்தப்பாகிட்ட லிஸ்ட்ட காட்டுனேன். மேல இருந்த ஒரு ஆளப் பாத்து, "யாருடா இவன், தெனமும் வந்து கடையையே அள்ளிட்டுப் போயிருக்கான்?"னாரு. பாத்தா போன் நம்பரே இல்ல. நம்பர் குடுக்காம வாங்கிட்டுப் போன அத்தனை பேரையும் அந்த காலியிடம் ஒரே ஆளா கட்டியிருக்கு, டிஸ்டிங்க்ட் கவுன்ட்டும் காலிய ஒரு ஆளாவே எண்ணிக்கும். கூட்டல் கழித்தல்லயும் இது மாட்டாது, ஏன்னா 40-லயும் 25-லயும் 52-லயும் அந்த ஆவி சமமா உக்காந்திருக்கு. அத தூக்கிட்டு 12-ன்னு சொன்னேன்.

"12 பேருக்கா காம்போ போடறது"ன்னுட்டு மிஷின ஆன் பண்ணப் போயிட்டாரு.